எலுமிச்சம்பழம் ஏறிய வண்டி

எலுமிச்சம்பழத்தைத் தாண்ட முடியாத கார் என்று ஒன்று தென்காசியில் இருந்தது. அதைச் செய்தவர் குத்தாலிங்கம். அவர் மனைவி ஆவுடைத்தாய்க்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே ஆகாது. கலியாண வீட்டுப் பந்தியிலோ கோயில் வாசலிலோ யாராவது அதைச் சொல்லிச் சிரித்தால், சாப்பிட்ட கையோடு எழுந்துவந்து திருத்துவாள். "அது ஒரே ஒரு தடவைதான். அதுக்கு அப்புறம் தாண்டிட்டு. தாண்டினதையும் சேத்துச் சொல்லணும்."

குத்தாலிங்கம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பேட்டரிக் கடை வைத்திருந்தார். லாரி பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவார். கரண்ட் இல்லாத ஊர்களில் கோயில் கொடை நடந்தால் மைக் செட்டுக்காரர்கள் அவரிடம்தான் பேட்டரி எடுப்பார்கள். எந்த வேட்டியைக் கட்டினாலும் ஒரு மாதத்தில் ஆசிட் பட்டுப் பொத்தல் பொத்தலாகிவிடும். ஆவுடைத்தாய் அதைக் கொடியில் காயப் போடும்போது, "இட்லித் துணிக்குக் கூட ஆகாது, இட்லி கீழ விழுந்துரும்" என்பாள்.

அவருடைய அண்ணன் நமசிவாயம் பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி நடத்தியவர். எழுபத்து மூன்றில் அவர் ஒரு பழைய அம்பாசிடர் வாங்கினார். வாங்கிய சூட்டோடு பெட்ரோல் விலை ஏறியது. நமசிவாயம் காரைக் கொட்டகையில் நிறுத்தி வெள்ளைத் துணியால் மூடிவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் துணியை விலக்கித் துடைத்துப் பொட்டு வைப்பார், மறுபடி மூடிவிடுவார்.

"அண்ணாச்சி, இது காரா, சமைஞ்ச பிள்ளையா? குச்சுக்குள்ள உக்கார வச்ச மாதிரி வச்சிருக்கிய" என்று கேட்டார் குத்தாலிங்கம்.

"நீ ஒரு கார் வாங்கிப் பாருலே. அப்பத் தெரியும்."

"வாங்க மாட்டேன். செய்வேன்."

அந்த அம்பாசிடரிலிருந்து பழுது என்று கழற்றிப் போட்டிருந்த டைனமோவைக் கேட்டு வாங்கி வந்தார். எஞ்சின் சுற்றினால் டைனமோ பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும். பேட்டரியிலிருந்து அதற்கே கரண்டைக் கொடுத்தால் டைனமோ தானாகச் சுற்றும். கடையில் தினமும் பார்க்கிற சங்கதிதான். சுற்றுவதோடு ஒரு செயினை மாட்டி, செயினோடு சக்கரத்தை மாட்டினால் என்ன என்பதுதான் அவருக்குப் புதிதாகத் தோன்றியது. சக்கரத்துக்கு அண்ணன் மண்டியில் மூட்டை தள்ளுகிற வண்டியின் சின்ன ரப்பர் சக்கரங்கள். உட்காரக் கால் அறுத்த ஒயர் நாற்காலி. சட்டத்துக்குத்தான் வழியில்லை. ஒரு நாள் மத்தியானம் ஆவுடைத்தாய் கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தபோது, அவள் சீராகக் கொண்டுவந்த இரும்புக் கட்டில் முற்றத்தில் நாலு துண்டாகக் கிடந்தது.

அன்றைக்கு அவள் அடுப்பு மூட்டவில்லை. குத்தாலிங்கமும் மகள் நீலாவும் கடையில் வாங்கிச் சாப்பிட்டார்கள். மறுநாள் காலையில் அவள் முற்றத்துக்கு வந்து நின்றாள்.

"என் கட்டில்ல வண்டி செய்யுதிய. அப்பம் அது என் வண்டி. சம்மதமா?"

"சம்மதம்."

"என்னைக் கேக்காம ஒரு ஆணி அடிக்கப்பிடாது."

அப்படித்தான் ஆவுடைத்தாய் அந்த வேலைக்குள் வந்தாள். பிறகு வெளியே போகவே இல்லை. டைனமோவின் கம்பிச் சுருளை அவிழ்த்து, எரிந்த இடத்தை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றியது அவள் கை. பூக் கட்டுகிற விரல்களுக்குக் கம்பி சுற்றுவது பழக அதிக நாளாகவில்லை. நீலா ஆசிட் அளவு பார்த்துச் சொல்வாள். சாயங்காலம் கடை அடைத்ததும் மூவரும் முற்றத்தில் இறங்கிவிடுவார்கள். வண்டி ஓடிய அன்று தெருவே கூடி நின்றது. ஆள் வேகமாக நடக்கிற வேகம். சத்தமே கிடையாது. செயின் மட்டும் கிரிச் கிரிச்சென்று கூடவே வரும்.

தம்பி செய்துவிட்டான் என்றால் அண்ணன் சும்மா இருப்பாரா? நமசிவாயம் ஒரு வண்டி செய்தார். தங்கை வீட்டுக்காரர் ஞானசம்பந்தம் செங்கோட்டை சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டுகிற ஆப்பரேட்டர். அவரும் பழைய ஜீப் டைனமோ ஒன்றைத் தேடிப் பிடித்து இன்னொரு வண்டி செய்தார். வண்டி மூன்றானதும் பந்தயம் வராமல் எப்படி இருக்கும்?

ஆயுத பூசைக்கு மறுநாள் என்று வைத்துக்கொண்டார்கள். அதற்குள் குற்றாலத்தில் சீசன் கூட்டம் வடிந்திருக்கும். ஐந்தருவி ரோட்டில் லாட்ஜுகள் முடிகிற இடத்தில் தொடக்கம், அருவிக் கடைகள் ஆரம்பிக்கிற இடத்தில் முடிவு. ஒரு வண்டிக்கு ஒரே பேட்டரி. காலை ஊன்றித் தள்ளக்கூடாது. தோற்ற வீட்டார் ஜெயித்த வீட்டாருக்கு அருவிக்கரையில் வைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட வேண்டும். இந்தக் கடைசி விதி ஞானசம்பந்தம் போட்டது. "சீசனுக்கு வாரவனெல்லாம் காசு கொடுத்துத் தேய்க்கான். நமக்கு ஓசியிலே மதி" என்றார். போதும் என்பதற்கு அவர் வாயில் மலையாள 'மதி'தான் வரும்.

நமசிவாயத்தின் மனைவி பாலாம்பாள் இதைக் கேட்டுவிட்டுத் தன் விதியையும் சேர்த்தாள். எந்த வண்டியும் பூசை முடிந்து கிளம்பும்போது நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் கிளம்ப வேண்டும். லாரியாக இருந்தால் என்ன, விளையாட்டு வண்டியாக இருந்தால் என்ன? அவளே பழம் வைப்பாள். பழம் நசுங்காமல் எந்த வண்டியும் நகரக்கூடாது.

முதல் வருடம் நடந்தது ஊருக்கே தெரியும். நமசிவாயத்தின் வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு போனது. ஞானசம்பந்தத்தின் வண்டி ஒரு முக்கு முக்கிப் போனது. குத்தாலிங்கத்தின் வண்டி எலுமிச்சம்பழத்தில் முட்டிக்கொண்டு, உம்மென்று உறுமி, பட்டென்று ஃபியூஸ் போய் நின்றது. புது ஃபியூஸ் போட்டார். மறுபடியும் போனது. நசுங்காத பழத்தைக் கையால் எடுக்கவும் பாலாம்பாள் விடவில்லை, வண்டிக்கு ஆகாது என்று. அண்ணன் தலைக்குத் தம்பி எண்ணெய் தேய்த்தார். அதில் அவருக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆவுடைத்தாய்க்குத்தான் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

அடுத்த வருடம் ஆயுத பூசைக்கு முந்தின நாள், எலுமிச்சம்பழக் கூடையைத் தன் வீட்டில் வைத்திருப்பதாகச் சொல்லிப் பாலாம்பாளிடம் வாங்கிக்கொண்டாள். அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பழமாகத் தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டினாள். சாறு பிழிவதற்கு முன்னால் உருட்டுவோமே, அந்த மாதிரி. ஆனால் அதைவிட ரொம்ப நேரம். வெளியே பார்த்தால் பழம் பழமாகவே இருக்கும். உள்ளே வெறும் தண்ணீர். பாலாம்பாள் எந்தப் பழத்தை எந்த வண்டிக்கு எடுப்பாள் என்று தெரியாததால் கூடை முழுவதையும் உருட்ட வேண்டியிருந்தது.

அந்த வருடம் மூன்று வண்டியும் பழத்தைக் கொழுக்கட்டை மாதிரி நசுக்கிக்கொண்டு போயின. குத்தாலிங்கத்துக்கு ஒரு பழத்தைத் தொட்டுப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வண்டியில் ஏறினார். வீட்டுக்கு வந்த பிறகு, "ஏட்டி, பழத்தையே பெண்டு நிமித்திட்டியே" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் வருடா வருடம் அந்த ஒரு நாள் அடுப்பங்கரையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பழம் உருட்டுவார்கள். நீலாவுக்குக் கூடத் தெரியாது. அடுத்த வருடங்களில் அவர்கள் சில தடவை ஜெயித்தார்கள், சில தடவை தோற்றார்கள். ஜெயித்த வருடங்களில் நமசிவாயம் தம்பியின் தலையில் எண்ணெயை வைத்துத் தேய்க்கிற தேய்ப்பில் குத்தாலிங்கத்தின் கண் சிவந்துவிடும். "அண்ணாச்சி, தேய்க்கச் சொன்னா தோலை உரிக்கிய" என்று கத்துவார். பெண்கள் பக்கத்தில் பாலாம்பாள் ஆவுடைத்தாயின் தலையில் பட்டும் படாமலும் தேய்த்துவிட்டுக் கையைக் கழுவுவாள்.

எண்பத்து மூன்று பங்குனியில் குத்தாலிங்கம் கடையில் ஒரு பேட்டரியைத் தூக்கி மேசையில் வைத்தவர், அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் முடிந்துவிட்டது.

கருமாதி கழிந்த பிறகு ஆவுடைத்தாய் கடையைத் திறந்தாள். வந்தவர்கள் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "கடையில ஆள் இல்லையா?" என்று கேட்ட லாரிக்காரர் ஒருவரிடம், "நான் என்ன பேட்டரியா? ஆள்தான். என்ன வேணும்?" என்றாள். அவர் பேட்டரியை இறக்கி வைத்தார்.

பகலில் கடை இருந்தது. சாயங்காலம்தான் அவளுக்குப் பொழுது போகாது. முற்றத்தில் வண்டி சாக்கு மூடி நின்றது. கட்டில் சட்டத்தில் அவர் வழக்கமாகக் கை ஊன்றும் இடத்தில் மட்டும் பெயின்ட் போய் இரும்பு பளபளவென்றிருந்தது. அவள் சாக்கை விலக்குவாள், அந்த இடத்தைப் பார்ப்பாள், மறுபடி மூடுவாள்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நமசிவாயமும் பாலாம்பாளும் வந்தார்கள். நமசிவாயம் முற்றத்துப் பக்கமே திரும்பாமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"ஆயுத பூசை கழியட்டும். அந்த வண்டியைப் பிரிச்சிருவோம். டைனமோ என்னுது, நான் எடுத்துக்கிடுதேன். மத்ததைப் பழைய இரும்புக்குப் போட்டுரு."

"எதுக்கு அத்தான்?"

"எதுக்குன்னா? இங்கன வந்தாலே அவன் குனிஞ்சு நிக்க மாதிரி இருக்கு. என்னால பாக்க முடியலை."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. அதுக்குத்தான் வச்சிருக்கேன்."

பாலாம்பாள் குறுக்கே வந்தாள். "ஊர் என்ன பேசும்னு உனக்குத் தெரியாதுட்டி. புருசன் போயாச்சு. வீட்டுல வயசுப் பிள்ளை நிக்கா. நீ பேட்டரியைத் தூக்கிட்டுக் கெடக்கே, போகட்டும், வயித்துப்பாடு. வெளையாட்டு வண்டி என்னத்துக்கு உனக்கு?"

"ஊர் முன்னமே பேசிட்டு அக்கா. எலுமிச்சம்பழம் தாண்டாத வண்டின்னு. அதைவிட என்ன பேசிரப் போகுது?"

"அப்பா பேரு அதுல இருக்கு பெரியப்பா" என்றாள் நீலா உள்ளேயிருந்து. பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்த பெண். பெரியவர்கள் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருக்க அவளுக்கும் வரவில்லை.

ஆவுடைத்தாய் நேரே கேட்டாள். "இந்த வருசம் ஓட்டம் உண்டுமா?"

"துட்டி நடந்து வருசம் திரும்பலை. என்ன ஓட்டம்?"

"துட்டியில பாயாசம் வைக்கப்பிடாது, புதுத்துணி எடுக்கப்பிடாது. வண்டி ஓட்டப்பிடாதுன்னு எவன் சொன்னான்? நீங்க ரெண்டு பேரும் ஓட்டுங்க. என் வண்டியும் வரும். முதல்ல ஐந்தருவி போய்ச் சேந்தா வண்டியைப் பிரிக்கப்பிடாது. போகலைன்னா நானே ஸ்பேனர் எடுத்துத் தாரேன்."

"யாரு ஓட்டுவா?"

"கட்டில்காரி ஓட்டுவா."

நமசிவாயம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். அடுத்த வாரம் அவருடைய வண்டிக்குப் புதுச் செயின் வாங்கினார் என்று ஞானசம்பந்தம் வந்து சொன்னார். "எந்தா தங்கச்சி, வீட்டுக்குள்ளேயே யுத்தமா?" என்று கேட்டுச் சிரித்தவர், முற்றத்தில் வண்டியின் பக்கத்தில் போய் நின்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

இந்த வருடம் பழக்கூடை அவள் வீட்டுக்கு வராது என்பது ஆவுடைத்தாய்க்குத் தெரியும். பூசைச் சாமானைத் தொட அவளை விடமாட்டார்கள். பாலாம்பாள் மண்டியிலிருந்து நேரே கொண்டுவருவாள். பாவூர்சத்திரத்துக்கு வருகிற எலுமிச்சையில் பாதி பழுக்குமுன்னே பறித்த காய்வெட்டு, கல் மாதிரி இருக்கும். அந்தக் காயைத் தன் வண்டி ஏற வேண்டும். ஒரு மாதம் தாயும் மகளும் அதைத்தான் யோசித்தார்கள். கடைசியில் பின் அச்சில் இருந்த சின்னப் பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பழைய சைக்கிளில் பெடலோடு இருக்குமே, அந்தப் பெரிய பல்சக்கரத்தை மாட்டினார்கள். வேகம் பாதியாகிவிட்டது. இழுவை இரண்டு மடங்கானது. முற்றத்தில் வைத்துப் பார்த்தபோது அம்மிக் குழவிமேலேயே ஏற முயன்றது.

"வேகம் இல்லையே அம்மா. பெரியப்பா போயிருவாங்களே."

"போகட்டும். முதல்ல அவுக கிளம்பட்டும், பாப்போம்."

ஓட்டத்தன்று காலையில் ஐந்தருவி ரோடு ஈரமாக இருந்தது. லேசான தூறல். மலைமேல் மேகம் இறங்கிக் கிடந்தது. மூன்று வண்டிகளும் வரிசையாக நின்றன. லாட்ஜ் வாட்ச்மேன், டீக்கடைக்காரர், மண்டியிலிருந்து நமசிவாயம் கூட்டிவந்த ஆட்கள் என்று ரோட்டோரம் கொஞ்சம் கூட்டம். ஆவுடைத்தாய் நூல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒயர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒயர் ஒரு பக்கம் தொய்ந்திருந்தது. அவர் எப்போதும் வலது பக்கம் சாய்ந்துதான் உட்காருவார். அவள் இடுப்பும் அந்தக் குழிக்குள் தானாகப் போய் உட்கார்ந்தது. அவள் அப்படியே இருந்தாள்.

பாலாம்பாள் கூடையோடு வந்தாள். கணவர் வண்டிக்கு நாலு பழம். ஞானசம்பந்தம் வண்டிக்கு நாலு. வைத்துவிட்டு நிமிர்ந்து, கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஒதுங்கினாள்.

"அக்கா, என் வண்டிக்கு?"

"உனக்கு வைக்கப்பிடாதுட்டி. இது நல்ல காரியத்துக்கு வைக்கது."

ஆவுடைத்தாய் மற்ற வண்டிகளின் சக்கரத்தடியில் இருந்த பழங்களைப் பார்த்தாள். பச்சை. சாயங்கூட ஏறாத காய்.

"சரி, எனக்கு வேண்டாம். மத்ததையாவது தரையில வச்சு நல்லா உருட்டிட்டு வையுங்க. காய் கல்லா இருக்கு."

"எலுமிச்சம்பழம் வைக்க நீ எனக்குச் சொல்லித் தர வேண்டாம்."

வாட்ச்மேன் விசில் ஊதினார்.

ஆவுடைத்தாயின் வண்டி மட்டும் நகர்ந்தது. மெதுவாக, மாடு தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி. அவளுக்குப் பின்னால் இரண்டு உறுமல் கேட்டது. பிறகு பட், பட் என்று இரண்டு சத்தம். அவள் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள்.

நமசிவாயம் கீழே இறங்கி ஃபியூஸ் மாற்றினார். ஏறி உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார். உம். பட். ஞானசம்பந்தம் வண்டியிலும் அதேதான். வண்டியை லேசாகத் தூக்கிப் பழத்தை எடுத்துவிடலாம் என்றார் வாட்ச்மேன்.

"நசுங்காத பழத்தை எடுத்தா வண்டிக்கு ஆவாது" என்றாள் பாலாம்பாள்.

"எடுக்காட்டா வண்டியே போகாதே அக்கா" என்றார் ஞானசம்பந்தம். "எனக்கு மதி. நான் டீ குடிக்கப் போறேன்."

நமசிவாயத்துக்கு வேர்த்தது. மண்டி ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஃபியூஸ் கம்பியைத் தூர எறிந்துவிட்டு, ஒரு தடித்த செப்புக் கம்பியை முறுக்கி அந்த இடத்தில் வைத்தார்.

"அத்தான், அது வேண்டாம். கம்பிச் சுருள் வெந்துரும்" என்று ஆவுடைத்தாய் இருந்த இடத்திலிருந்து சொன்னாள்.

அவர் சுவிட்சைப் போட்டார். டைனமோ ஒரு தடவை திமிறியது. பழம் அசையவில்லை. நாற்காலிக்குப் பின்னாலிருந்து மெல்லிய புகை எழுந்து, அரக்கு வேகிற நாற்றம் ரோடு முழுக்கப் பரவியது. அவசரமாகச் சுவிட்சை அணைத்தவர், ரோட்டில் நின்றபடி அவளைப் பார்த்துக் கைநீட்டினார்.

"நீ போ. போய்ச் சேரு. ஆனா செல்லாது. பழம் வைக்காத வண்டி ஜெயிச்சா அது கணக்குல வராது. இத்தனை வருசம் யாரும் பழம் வைக்காம கிளம்புனது கிடையாது."

"வைக்கப்பிடாதுன்னது யாரு அத்தான்?"

"யாரா இருந்தா என்ன. வைக்கலை."

அவள் திரும்பி ரோட்டைப் பார்த்தாள். முன்னால் ரோடு காலியாகக் கிடந்தது. போயிருக்கலாம். போனால் வண்டி போய்ச் சேரும். நாளைக்கு ஸ்பேனரோடு அவர் வந்து நிற்பார். எலுமிச்சம்பழத்தைத் தாண்டாத வண்டி என்ற பேரும் அப்படியே நிற்கும்.

இறங்கினாள். "நீலா, பிடி" என்றாள். இருவருமாக வண்டியைப் பின்னால் இழுத்துக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் நேராகப் பாலாம்பாளிடம் போய்க் கூடைக்குள் கையை விட்டாள்.

"தொடாதட்டி."

"தொட்டாச்சு."

ஒவ்வொரு காயாக அழுத்திப் பார்த்து, இருப்பதிலேயே கடினமாக நாலை எடுத்தாள். உருட்டவில்லை. அழுத்தவில்லை. எல்லோரும் பார்க்க ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் குந்தி உட்கார்ந்து, காயை ரப்பரோடு ஒட்டி வைத்தாள். கடைசிக் காயை வைத்துவிட்டு நமசிவாயத்தைப் பார்த்தாள்.

"வந்து பாத்துக்கிடுங்க அத்தான். பெறகு இடுக்குல இருந்துச்சு, தள்ளி இருந்துச்சுன்னு சொல்லப்பிடாது."

அவர் வந்து குனிந்து பார்த்தார். பாலாம்பாள் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

ஆவுடைத்தாய் ஏறி உட்கார்ந்து சுவிட்சைப் போட்டாள். வண்டி காயில் முட்டியது. டைனமோ உம்மென்றது. உறுமல் தாழ்ந்து தாழ்ந்து நின்றுவிடும்போல வந்தது. அவள் கை சுவிட்சிலிருந்து நகரவில்லை. இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். இதற்கு மேல் தாழ்ந்தால் ஃபியூஸ் போய்விடும், இந்த இடத்தில் நின்றால் போகாது. சத்தம் அங்கேயே நின்றது. முன்சக்கரம் அங்குலம் அங்குலமாக மேலே ஏறியது. உச்சியில் ஒரு மூச்சு நின்று, பொதுக்கென்று கீழே இறங்கியது. தோல் கிழிந்து சாறு பீய்ச்சியடித்தது. பின்சக்கரமும் ஏறியது. இறங்கியது. தூறல் ஈரத்தில் எலுமிச்சை வாசம் எழும்பியது.

"தாண்டிட்டு" என்றாள் நீலா. கத்தவில்லை. யாரிடமோ தகவல் சொல்வதுபோலச் சொன்னாள்.

வழியெல்லாம் வண்டி நடை வேகத்தில்தான் போனது. மண்டி ஆட்கள் கூடவே நடந்தார்கள். செங்கோட்டையிலிருந்து வந்த பஸ் ஒன்று பின்னால் நின்று ஹாரன் அடித்தது. கண்டக்டர் தலையை நீட்டி, "யம்மா, ஓரங்கட்டு. பஸ் போகணும்" என்றார்.

"இது ரேஸு. ஓரங்கட்ட முடியாது."

"ரேஸா? யாரு கூட?"

"அவுக இன்னும் கிளம்பலை."

பஸ் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு ஓரங்கட்டினாள். கடைசி ஏற்றத்தில் வண்டி திணறும் என்று நினைத்திருந்தாள். திணறவில்லை. செயின் மட்டும் கிரிச் கிரிச்சென்றது. அவர் இருந்தால் இந்த இடத்தில் ஏதாவது பாட்டை இழுத்துக்கொண்டு வருவார், சுதி சேராது. அவளுக்குப் பாட வராது. செயின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஏறினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கையை எடுத்தால் வண்டி வளையும் என்று அப்படியே விட்டாள். தூறலில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

அருவிக் கடைகள் ஆரம்பிக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தினாள். நமசிவாயம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார். வந்தவர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஆறேழு மாதத்தில் முதல் தடவையாக அதை நேராகப் பார்த்தார். இரும்பு பளபளத்த இடத்தில் கை வைத்துவிட்டு எடுத்தார்.

"அந்த டைனமோ என் கார்ல கெடந்தது" என்றார்.

"ஆமா. அங்கன துணி மூடிக் கெடந்துச்சு. இங்கன ஓடுது."

அவர் நீலாவைப் பார்த்து, "என் வண்டிக் கம்பிச் சுருள் வெந்து போச்சு. உங்கம்மை சுத்தித் தருவாளா, கேளு" என்றார்.

"அடுத்த வாரம் கடைக்குக் கொண்டாங்க" என்றாள் ஆவுடைத்தாய். "டீ நீங்க வாங்கித் தரணும்."

மீதி இருந்தது எண்ணெய். பெண்கள் பக்கத்துப் பாறையில் ஆவுடைத்தாய் கொண்டையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாள். பாலாம்பாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு தள்ளியே நின்றாள்.

"வருசம் திரும்பலையேட்டி."

"தோத்தவுக தேய்க்கணும்னுதான் விதி. வருசத்தைப் பத்தி விதியில ஒண்ணுமில்லை. தேய்க்கியளா, நானே ஊத்திக்கிடவா?"

அருவி விழுகிற சத்தத்தில் பாலாம்பாள் என்ன முனகினாள் என்று கேட்கவில்லை. பாறையில் வந்து பின்னால் உட்கார்ந்தாள். முதல் கை எண்ணெய் உச்சியில் விழுந்தது. பட்டும் படாமலும்தான் ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மயிர்க்காலுக்குள் இறங்கின. நெற்றிப்பொட்டு, காதுக்குப் பின்னால், பிடரி. பங்குனிக்குப் பிறகு அந்தத் தலையை யாரும் தொட்டதில்லை. ஆவுடைத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏட்டி" என்றாள் பாலாம்பாள். "அந்த முதல் வருசத்துக்குப் பெறகு ஒரு பழம் நசுங்காம இருந்ததில்லை. இந்த வருசம் ஏன் அப்படிக் கெடந்துச்சு? உருட்டணும்னு சொன்னியே, அது என்னது?"

ஆவுடைத்தாய்க்கு அடுப்பங்கரைத் தரை கண்ணுக்குள் வந்தது. எதிரே அவர். இரண்டு பேரின் உள்ளங்கையும் மஞ்சள்.

"அடுத்த வருசம் கூடையை எங்க வீட்டுக்குக் குடுத்து விடுங்க" என்றாள். "பழம் நான்தான் வைப்பேன். அப்ப வந்து எதிர்ல உக்காருங்க, சொல்லுதேன்."

பாலாம்பாளின் கை ஒரு கணம் நின்றது. பிறகு இன்னும் கொஞ்சம் எண்ணெயை ஊற்றினாள்.